கான்ஸ்டன்டைன் தான் கிறிஸ்தவத்தை உருவாக்கினாரா? அப்புறம் ஏன் இத்தனை சபைகள்?

தேடல்வாசி:

வணக்கம் நண்பர்களே. கிறிஸ்தவத்தோட வரலாறை ஆரம்பத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு ஓட்டமா புரிஞ்சுக்கணும்னு படிச்சிட்டு இருக்கேன். ஆனா எதை எடுத்தாலும் ஒரே வரிசை தான், இயேசு, சீஷர்கள், பவுல், ரோம்ல சிங்கத்துக்கு இரையா போட்டாங்க, திடீர்னு ரோம் பேரரசர் கான்ஸ்டன்டைன் மனசு மாறினாரு, அப்புறம் போப், சிலுவைப்போர், லூத்தர், மிஷனரிங்க, முடிஞ்சுது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணு எப்படி வந்துச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.

எனக்கு உண்மையிலேயே பிடிபடாதது இது தான். ரோம அரசாங்கம் சிலுவையில அறைஞ்சு கொன்ன ஒருத்தரை ஆண்டவர்னு சொன்ன ஒரு சின்ன கூட்டம், அதே ரோமோட மதமா எப்படி ஆச்சு? கான்ஸ்டன்டைன் ஆட்சி லாபத்துக்காக இதை கையில எடுத்தாரு, நைசியாவுல உக்காந்து பைபிள்ல எந்த புத்தகம் இருக்கணும்னு முடிவு பண்ணாரு, இயேசுவை கடவுளாக்கினதே அங்க தான்னு நிறைய பேர் எழுதறாங்க, அது சரியா? சரி, ஒரே அரசு ஒரே சபைன்னு ஆனதுக்கு அப்புறமும் எதுக்கு கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், காப்டிக், லூத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகோஸ்தேன்னு இத்தனை கிளை? எல்லாம் வெறும் பதவிச் சண்டையா, இல்ல நிஜமாவே பேச வேண்டிய விஷயம் ஏதாவது இருந்துச்சா?

வம்புக்கு கேக்கல. நம்பறவங்க நம்பாதவங்க யார் வேணா பதில் சொல்லலாம், கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய ஏடு:

நைசியாவுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்த தப்பான தகவல் தான் எல்லா இடத்துலயும் சுத்துது. கி.பி. 325ல பிஷப்புங்க அங்க கூடினப்போ பைபிள்ல எந்த புத்தகம் வேணும் வேணாம்னு எதையும் முடிவு பண்ணல, அந்த சங்கம் போட்ட 20 விதிகள்ல ஒண்ணுல கூட அது கிடையாது. நாலு சுவிசேஷம், பவுலோட நிருபங்கள் இதெல்லாம் அதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே சபைகள்ல வாசிச்சிட்டு தான் இருந்தாங்க, 180 வாக்குலயே லியோன் நகரத்து பிஷப் இரேனியஸ் சுவிசேஷம்னா நாலு தான், கூடவும் கூடாது குறையவும் கூடாதுன்னு அடிச்சு எழுதியிருக்காரு. இன்னிக்கு புதிய ஏற்பாட்டுல இருக்கற 27 புத்தகத்தையும் கூட்டாம குறைக்காம சொல்ற முதல் பட்டியல் 367ல அலெக்சாண்ட்ரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதின ஈஸ்டர் கடிதத்துல தான் நமக்கு கிடைக்குது, அப்போ கான்ஸ்டன்டைன் செத்து முப்பது வருஷம் ஆச்சு. இயேசுவை கடவுளா வணங்கறதும் நைசியாவுல பிறந்தது இல்ல. 112 வாக்குல கருங்கடல் கரையோரம் கவர்னரா இருந்த பிளினி, இந்த கிறிஸ்தவங்க குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடி கிறிஸ்துவை தெய்வம் மாதிரி பாடறாங்கன்னு பேரரசர் டிராஜனுக்கு எழுதின கடிதம் இருக்கு. அவரு கிறிஸ்தவர் கிடையாது, விசாரணை பண்ணி தண்டனை கொடுத்த அதிகாரி, அவருக்கு இதுல பொய் சொல்ல எந்த தேவையும் இல்ல.

நைசியாவுல நடந்த சண்டை வேற. அலெக்சாண்ட்ரியாவுல ஆரியஸ்னு ஒரு குரு, மகன் எல்லாத்தையும் விட உயர்ந்தவர் தான், ஆனா அவரும் பிதாவால உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்துச்சுன்னு சொன்னாரு. எதிர்ப்பக்கம் என்ன கேட்டாங்கன்னா, உண்டாக்கப்பட்ட ஒருத்தரை நாம கும்பிட்டா அது விக்கிரக ஆராதனை தானே, உண்டாக்கப்பட்ட ஒருத்தர் எப்படி இன்னொரு உண்டாக்கப்பட்ட ஜீவனை ரட்சிக்க முடியும்னு. இது பதவிச் சண்டை இல்லங்க, கும்பிடற ஆள் கும்பிடறது யாரைன்னு கேக்கற கேள்வி. கான்ஸ்டன்டைனுக்கு இதுல பெரிய அக்கறை கூட இல்ல, இது ரொம்ப சின்ன விஷயம், இதுக்குப் போய் ஏன் அடிச்சுக்கறீங்கன்னு ரெண்டு பக்கத்துக்கும் முன்னாடியே கடிதம் எழுதினாரு. அவருக்கு வேண்டியது நாட்டுல அமைதி.

அதுக்கு அப்புறம் நடந்ததை பாருங்க, நைசியா ஆரியஸுக்கு எதிரா முடிவு எடுத்த சில வருஷத்துலயே கான்ஸ்டன்டைன் ஆரியஸ் பக்கம் சாஞ்சாரு, நைசியா முடிவை விடாம காத்த அத்தனாசியஸை நாடு கடத்தினாரு, 337ல சாகப்போற நேரத்துல ஞானஸ்நானம் வாங்கினதே ஆரியஸுக்கு ஆதரவா இருந்த நிக்கோமீடியா யூசிபியஸ் கையால தான். அவரு மகன் கான்ஸ்டான்டியஸ் வெளிப்படையாவே நைசியாவுக்கு எதிர்ப்பக்கம். அத்தனாசியஸ் மொத்தம் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டாரு. பேரரசர் நெனச்சது தான் கொள்கைன்னா ஆரியஸ் கட்சி இல்ல ஜெயிச்சிருக்கணும். 381ல கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நைசியா முடிவையே உறுதி பண்ற வரைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல இழுத்துச்சு இந்த விவகாரம்.

இப்போ உங்க முதல் கேள்வி, சின்ன கூட்டம் எப்படி வளர்ந்துச்சு. ஆரம்பத்துல இது யூதர்களுக்குள்ள ஒரு பிரிவு அவ்வளவு தான். பெரிய திருப்பம் 49 வாக்குல எருசலேம்ல நடந்த கூட்டம், அப்போஸ்தலர் நடபடிகள் 15ம் அதிகாரத்துல இருக்கு, பவுலே கலாத்தியருக்கு எழுதின நிருபத்துலயும் அதைப் பத்தி கொஞ்சம் சூடா பேசறாரு. யூதரல்லாதவங்க இயேசுவை நம்பினா விருத்தசேதனம் பண்ணிக்கணுமா, மோசேயோட சட்டம் முழுக்க கடைப்பிடிக்கணுமான்னு கேள்வி. வேணாம்னு முடிவாச்சு. அந்த முடிவு மட்டும் மாறியிருந்தா நாம இப்போ இதைப் பேசிட்டே இருக்க மாட்டோம்னு தான் நான் நினைக்கறேன். 70ல ரோமப்படை எருசலேம் ஆலயத்தை இடிச்சதும் அந்த ஊர் சபையோட செல்வாக்கும் போச்சு, அந்தியோகியா, எபேசு, அலெக்சாண்ட்ரியா, ரோம்னு நகரங்கள் தான் மையமாச்சு.

அப்புறம் இவங்களோட அன்றாட நடைமுறை. விதவைங்களுக்கு சாப்பாடு, ஏழைங்களை புதைக்க இடம், ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு கடிதம் கொண்டு போனா தங்க வீடு. 250க்கு அப்புறம் பெரிய கொள்ளைநோய் வந்தப்போ கூட இருந்து நோயாளிங்களை பாத்துக்கிட்டு செத்தவங்களைப் பத்தி அலெக்சாண்ட்ரியா பிஷப் டயனீசியஸ் எழுதியிருக்காரு. நூறு வருஷம் கழிச்சு பழைய தெய்வ வழிபாட்டை திரும்ப கொண்டு வர பாத்த பேரரசர் ஜூலியன், இந்த கலிலேயக்காரங்க (கிறிஸ்தவங்களை அவரு அப்படி தான் சொல்வாரு) அவங்க ஏழைங்களை மட்டும் இல்ல நம்ம ஏழைங்களையும் சேர்த்து காப்பாத்தறாங்க, நமக்கு வெக்கமா இல்லையான்னு தன்னோட பூசாரிக்கு எழுதினாரு. எதிரியே கொடுத்த சாட்சி இது. 312ல கான்ஸ்டன்டைன் ரோமை பிடிச்சப்போ பேரரசுல பத்துல ஒரு பங்கு கிறிஸ்தவங்களா இருந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் பலரும் கணிக்கறாங்க, அவரு ஒண்ணுமில்லாததுல இருந்து எதையும் உருவாக்கல. 313ல அவரும் இன்னொரு பேரரசர் லிசினியஸும் சேர்ந்து எல்லா மதத்துக்கும் சுதந்திரம் கொடுத்தாங்க, அரச மதமா ஆக்கினது 380ல பேரரசர் தியோடோசியஸ். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கறவங்க நிறைய பேர்.

நேர்கோடு:

பழைய ஏடு அருமையா எழுதியிருக்கீங்க. கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு விஷயம் சேர்த்துக்கறேன், முந்நூறு வருஷமும் தினம் தினம் சிங்கத்துக்கு போட்டாங்கங்கறது உண்மை இல்ல. 64ல நீரோ பண்ணது ரோம் நகரத்துக்குள்ள மட்டும். மேல சொன்ன பிளினி கடிதத்துக்கு டிராஜன் போட்ட பதிலே, தேடிப் போய் பிடிக்காதீங்க, பேர் போடாத மொட்டைக் கடிதத்தை கண்டுக்காதீங்க, ஆனா கொண்டு வந்து நிறுத்தி குற்றம் நிரூபணமாச்சுன்னா தண்டிங்கன்னு தான். ஆனா அதே பிளினி உண்மை வரவழைக்க ரெண்டு அடிமைப் பெண்களை சித்திரவதை பண்ணேன்னு சர்வசாதாரணமா எழுதறாரு, அவங்க சபையில ஊழியம் பண்ணவங்களாம், பேர் கூட இல்ல.

பேரரசு முழுக்க போட்ட முதல் உத்தரவு 249 கடைசியில வந்த பேரரசர் டீசியஸோடது. ஒவ்வொருத்தரும் தெய்வங்களுக்கு பலி கொடுத்து, அதிகாரிங்க முன்னாடி அந்த பலிக்கறியை சாப்பிட்டு, சாட்சி கையெழுத்தோட ஒரு சர்டிபிகேட் வாங்கணும். அந்த சீட்டுங்க எகிப்து மணல்ல பாப்பிரஸா நிறையவே கிடைச்சிருக்கு, நான் எப்பவும் பலி கொடுத்து தான் வந்திருக்கேன், இப்பவும் உங்க கண்ணு முன்னாடி கொடுத்தேன், கீழ கையெழுத்து போடுங்கன்னு ஒரு அரசாங்க மனு மாதிரி தான் இருக்கும். உயிருக்கு பயந்து நிறைய கிறிஸ்தவங்க பலி கொடுத்தாங்க, சில பேர் காசு கொடுத்து சீட்டை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. கஷ்டகாலம் முடிஞ்சதும் இவங்க எல்லாம் அழுதுட்டு திரும்பி வந்தாங்க. சேர்க்கலாமா கூடாதா? கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன், தவம் பண்ண வெச்சு சேர்க்கலாம்னாரு, ரோம்ல நொவாஷியன் முடியவே முடியாதுன்னு தனிச் சபையா போயிட்டாரு. 303ல பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து வேட்டைக்கு அப்புறம் வட ஆப்பிரிக்காவுல இதே கதை இன்னும் பெருசா ஆச்சு, வேதபுத்தகத்தை எதிரி கையில கொடுத்தவன்னு சந்தேகப்படற பிஷப் கை வெச்சு பட்டம் கொடுத்தா அது செல்லுமான்னு கேட்டு டொனேட்டிஸ்ட்னு ஒரு பக்கமே பிரிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. ஏன் இத்தனை சபைன்னு கேட்டீங்கல்ல, முதல் பெரிய உடைசல்கள்ல இது ஒண்ணு. தோத்துப்போனவங்களை மன்னிக்கலாமாங்கற கேள்வி.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். 380க்கு அப்புறம் அடி வாங்கின கை அடிக்க ஆரம்பிச்சுது. கோயில்களை மூடினாங்க, இடிச்சாங்க. 385 வாக்குல பிரிசில்லியன்னு ஒரு பிஷப்பை கிறிஸ்தவ பேரரசரே கொள்கை தகராறுல ஆரம்பிச்ச வழக்குல தலையை வெட்டினாரு. தூர் நகரத்து மார்ட்டின் பிஷப் இது கூடாதுன்னு நேர்ல போய் கெஞ்சினாரு, மிலான் பிஷப் அம்புரோஸும் எதிர்த்தாரு, அதையும் சேர்த்து சொல்றது தான் நியாயம்.

கிழக்குவாசல்:

இது வரைக்கும் எல்லாருமே ரோமுக்குள்ளயே நிக்கறீங்க. தேடல்வாசி படிச்ச வரிசையில ஓட்டை இருக்கறதா தோணறதுக்கு காரணமே இது தான், கிறிஸ்தவத்துல ஒரு பெரிய பங்கு ரோம எல்லைக்கு வெளிய இருந்துச்சு, அதை யாரும் சொல்றதில்ல. ஆர்மீனியா அரசன் திரிதாத் நாலாம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே ஞானஸ்நானம் எடுத்தாரு, அதாவது ரோம் அரச மதமா அறிவிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. எத்தியோப்பியாவுல அக்சும் அரசன் எசானா அடிச்ச நாணயத்தைப் பாத்தா கண்ணாலயே தெரியும், பழைய காசுல பிறையும் வட்டமும் இருக்கும், மதம் மாறினதுக்கு அப்புறம் அடிச்ச காசுல அதே இடத்துல சிலுவை.

பாரசீகத்துல நிலைமை இன்னும் சிக்கல். ரோம் பேரரசர் கிறிஸ்தவரானதும் பாரசீக அரசனுக்கு தன் நாட்டு கிறிஸ்தவங்க எல்லாம் எதிரி நாட்டு ஆளுங்களா தெரிஞ்சாங்க, இரண்டாம் ஷாப்பூர் 340 வாக்குல ஆரம்பிச்ச வேட்டை அவரு காலம் முழுக்க ஓயல. அதனால 410ல செலூக்கியா தெசிபோன்ல கூடி அவங்க தங்களுக்குன்னு தனி நிர்வாகம் வெச்சுக்கிட்டாங்க. இது துரோகம் இல்ல, உயிர் பிழைக்கற வழி.

அப்புறம் 431 எபேசு, 451 சால்சிடன் சங்கங்கள். இங்க தான் உங்க காப்டிக், அதாவது எகிப்து சபை, கேள்விக்கு பதில். இயேசு முழு கடவுள், முழு மனுஷன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ரெண்டும் ஒருத்தர்கிட்ட எப்படி சேர்ந்து இருக்குன்னு தான் பிரிஞ்சாங்க. கான்ஸ்டான்டிநோபிள் பிஷப் நெஸ்டோரியஸ், மரியாளை கடவுளோட தாய்னு சொல்லாதீங்க கிறிஸ்துவோட தாய்னு சொல்லுங்கன்னாரு, 431ல அவரை நீக்கினாங்க, மேல சொன்ன பாரசீக கிறிஸ்தவங்களோட கிழக்கு சபை அவரை கைவிடல. சால்சிடன்ல ஒரே ஆள் ரெண்டு இயல்புன்னு எழுதினாங்க, எகிப்து, சிரியாவுல பெரும்பகுதி, பின்னாடி ஆர்மீனியா, எத்தியோப்பியா எல்லாம் இல்ல, ஒன்றா இணைஞ்ச ஒரே இயல்புன்னு நின்னாங்க. கிரேக்கத்துல யோசிக்கறவங்களும் சிரியாக்ல யோசிக்கறவங்களும் ஒரே சொல்லை ரெண்டு விதமா புரிஞ்சுக்கிட்டாங்க, அது மேல பேரரசரோட படை வேற ஏறி மிதிச்சுது, எகிப்துல பிஷப்பை மாத்தறதுக்கு சிப்பாய் வந்தா அந்த சனம் எப்படி ஒத்துக்கும்? 1973ல போப் ஆறாம் பவுலும் காப்டிக் போப் மூன்றாம் ஷெனூதாவும், 1994ல போப் இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கு சபை தலைவர் மார் திங்காவும் கிறிஸ்துவைப் பத்தின விசுவாசம் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான்னு அறிக்கையில கையெழுத்தே போட்டுட்டாங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழிச்சு!

அந்த கிழக்கு சபை எங்க வரைக்கும் போச்சு தெரியுமா? 635ல அலோபென்னு ஒரு துறவி சீனத் தலைநகர் சாங்கான் போய் சேர்ந்தாரு, தாங் பேரரசர் டைசோங் வரவேற்று வேதத்தை மொழிபெயர்க்க விட்டாரு. இதெல்லாம் 781ல நட்ட ஒரு பெரிய கல்வெட்டுல இருக்கு, மேல சிலுவை, நடுவுல முழுக்க சீன எழுத்து, ஓரத்துல சிரியாக் எழுத்துல குருமாருங்க பேரு, சியான் நகர அருங்காட்சியகத்துல இப்பவும் பாக்கலாம். இந்தியாவோட மேற்குக் கரையில இருந்த தோமா கிறிஸ்தவங்களுக்கும் பிஷப்புங்க இந்த சபையில இருந்து தான் வந்தாங்க. பாக்தாத்ல கலீபா அல்மஹ்தி கூட இவங்க தலைவர் முதலாம் திமொத்தேயு உக்காந்து மத விவாதம் பண்ணாரு, பண்பா நடந்த விவாதம், எழுத்துல இருக்கு. கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்கு கொண்டு வந்த ஹுனைன் இப்னு இஷாக் இந்த சபை ஆளு. 1287ல ரப்பான் சவ்மாங்கற சீனாவுல பிறந்த துறவி மங்கோலிய அரசனோட தூதரா ஐரோப்பா போயி, ரோம், பாரிஸ் எல்லாம் பாத்துட்டு இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டுக்கு தன் கையால நற்கருணை கொடுத்தாரு. யோசிச்சு பாருங்க, கிறிஸ்தவத்தை ஐரோப்பா கிழக்குக்கு கொண்டு வந்துச்சுன்னு படிக்கறோம், இங்க கிழக்கு மேற்குக்கு போகுது. பதினாலாம் நூற்றாண்டுல நடந்த துன்புறுத்தல், கொள்ளைநோய், தைமூர் படையெடுப்பு எல்லாம் சேர்ந்து தான் இதுல பெரும்பகுதியை அழிச்சுது.

1054 பத்தி ஒரு வார்த்தை. அந்த வருஷம் போப்போட தூதர் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிள் ஹாகியா சோபியா கோயில் பீடத்து மேல விலக்கு கடிதத்தை வெச்சுட்டு போனது நிஜம், ஆனா அன்னிக்கு சாயங்காலமே கத்தோலிக்கம் ஆர்த்தடாக்ஸ்னு பிரிஞ்சிடல. ரோம் பிஷப்புக்கு, அதாவது போப்புக்கு, எல்லார் மேலயும் அதிகாரம் உண்டா, விசுவாச அறிக்கையில பரிசுத்த ஆவி மகனிடமிருந்தும் வர்றாருன்னு மேற்கு தானா சேர்த்தது சரியான்னு ரொம்ப நாளா புகைஞ்சுது. ஜனங்க மனசுல உண்மையா உடைச்சது 1204, சிலுவைப்போர் வீரங்க எருசலேமுக்குன்னு கிளம்பி கான்ஸ்டான்டிநோபிளையே கொள்ளையடிச்சாங்க, கிறிஸ்தவங்க கிறிஸ்தவங்களை, கோயிலுக்குள்ள புகுந்து. அந்த காயத்துக்கு 2001ல கிரீஸ் போன போப் இரண்டாம் யோவான் பவுல் கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டாரு.

தேடல்வாசி:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. சீனக் கல்வெட்டு பத்தி இது வரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். லூத்தருக்கு முன்னாடியும் போப்பை எதிர்த்தவங்க இருந்தாங்களே, அவங்களை எரிச்சாங்க, இவரு மட்டும் எப்படி தப்பிச்சாரு? அதை விட எனக்கு மனசு ஒத்துக்காதது அடிமை வியாபாரம். ஒரே பைபிளை வெச்சுக்கிட்டு அதை எப்படி செஞ்சாங்க?

அச்சுமை:

லூத்தர் கேள்விக்கு நான் சொல்றேன். பொஹீமியாவுல போப்பை எதிர்த்த ஜான் ஹஸ் 1414ல கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்கு, பாதுகாப்பா போயிட்டு வரலாம்னு அரசர் சிகிஸ்மண்ட் கொடுத்த கடிதத்தை நம்பி போனாரு, 1415ல எரிச்சுட்டாங்க. நூறு வருஷத்துல என்ன மாறுச்சுன்னா, முதல் காரணம் அச்சு. 1455 வாக்குல குட்டன்பர்க் பைபிள் வந்துச்சு, 1517 வர்றதுக்குள்ள ஜெர்மனியில ஊருக்கு ஊர் அச்சுக்கூடம்.

பணம் எப்படி ஓடுச்சுன்னு பாத்தா தான் அந்த கோவம் புரியும். ஆல்பிரெக்ட்னு ஒரு பிரபு வீட்டு பையன், ஏற்கனவே பிஷப், மைன்ஸ் நகரத்துக்கும் பேராயர் ஆகணும்னு ஆசைப்பட்டாரு. அதுக்கு ரோமுக்கு பெரிய தொகை கட்டணும், ஆக்ஸ்பர்க்ல இருந்த ஃபுக்கர் வங்கிக்காரங்ககிட்ட கடன் வாங்கினாரு. கடனை அடைக்க அவரு பகுதியில பாவமன்னிப்பு சீட்டு விக்க போப் பத்தாம் லியோ அனுமதிச்சாரு, வர்ற காசுல பாதி புனித பேதுரு பேராலயம் கட்ட, பாதி ஃபுக்கருக்கு. சீட்டு வாங்கற ஏழைக்கு செத்துப்போன அம்மா அப்பா உத்தரிக்கற ஸ்தலத்துல இருந்து சீக்கிரம் வெளிய வருவாங்கங்கறது மட்டும் தான் தெரியும், இந்த கடன் கணக்கு எதுவும் தெரியாது. லூத்தருக்கும் அந்த உள்கணக்கு முழுசா தெரியாது, அவரு ஒரு பாதிரியாரா, என் சனங்க மனந்திரும்பறதை விட்டுட்டு சீட்டை நம்பறாங்களேன்னு தான் 95 குறிப்பு எழுதினாரு. 1517 அக்டோபர் 31ல எழுதி அனுப்பினது அதே ஆல்பிரெக்டுக்கே தான்.

ரெண்டாவது காரணம் அரசியல். லூத்தர் இருந்த சாக்சனியை ஆண்ட பிரெடரிக், பேரரசரை தேர்ந்தெடுக்கற ஏழு பேர்ல ஒருத்தர், அவரை பகைச்சுக்க யாருக்கும் தைரியம் இல்ல. 1521ல வோர்ம்ஸ் நகரத்துல பேரரசர் கூட்டின அரசவையில லூத்தர், எழுதினதை வாபஸ் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு திரும்பி வர்ற வழியில பிரெடரிக்கோட ஆளுங்களே கடத்தற மாதிரி கடத்தி வார்ட்பர்க் கோட்டையில ஒளிச்சு வெச்சாங்க, அங்க உக்காந்து புதிய ஏற்பாட்டை சில மாசத்துல ஜெர்மன்ல மொழிபெயர்த்தாரு, 1522 செப்டம்பர்ல அச்சாச்சு. பேரரசர் சார்லஸுக்கு ஒரு பக்கம் பிரான்ஸ் கூட போர், இன்னொரு பக்கம் துருக்கியர்கள் 1529ல வியன்னா வாசல் வரைக்கும் வந்துட்டாங்க, அவருக்கு லூத்தரை பிடிக்க நேரமே கிடைக்கல.

சீர்திருத்தக்காரங்க ஏன் தங்களுக்குள்ள உடைஞ்சாங்கங்கறதுக்கு 1529 மார்பர்க் சந்திப்பு போதும். லூத்தரும் சூரிக் நகரத்து ஸ்விங்லியும் 15 குறிப்புல 14ல ஒத்துப்போனாங்க. கடைசி ஒண்ணு, திருவிருந்துல அப்பத்துல கிறிஸ்து நிஜமாவே இருக்காரா இல்ல அது நினைவுகூர்றதா. லூத்தர் மேஜை மேல சாக்பீஸால "இது என் உடல்"னு எழுதி வெச்சுட்டு அதை விட்டு நகரவே இல்ல. போப்பும் வேண்டாம் சங்கமும் வேண்டாம் வேதம் மட்டும் போதும்னா, வேதத்தை ரெண்டு பேர் ரெண்டா படிச்சா தீர்ப்பு சொல்ல யாரு இருக்கா? இன்னிக்கு இருக்கற கிளைகள்ல பாதிக்கு காரணம் இந்த இடம் தான்னு நான் உறுதியா சொல்வேன். அதே சூரிக்ல, குழந்தைக்கு கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிஞ்ச வயசுல தான் எடுக்கணும்னு சொன்ன பெலிக்ஸ் மான்ஸை 1527ல ஆத்துல மூழ்கடிச்சு கொன்னாங்க, கொன்னது புராட்டஸ்டன்ட் நகர சபை. மதத்தையும் அரசையும் பிரிச்சு வைக்கணும்னு முதல்ல கேட்டவங்கள்ல இந்த அனபாப்டிஸ்டுங்க முக்கியமானவங்க, அவங்களை ரெண்டு பக்கமும் கொன்னாங்க.

கத்தோலிக்க பக்கமும் சும்மா இருக்கல, 1545ல இருந்து 1563 வரைக்கும் ட்ரெண்ட் சங்கம் விட்டு விட்டு நடந்துச்சு, சீட்டு விக்கற ஏஜென்ட் முறையை ஒழிச்சாங்க, பாதிரியாருங்களுக்கு முறையான செமினரி படிப்பு கொண்டு வந்தாங்க. இங்கிலாந்து கதை தெரிஞ்சது தான், 1534ல எட்டாம் ஹென்றி தானே சபைத் தலைவர்னு சட்டம் போட்டாரு, அதுல கொள்கையை விட ஆண் வாரிசு கவலை தான் அதிகம்.

கடலோடி:

அடிமை வியாபாரத்தைப் பத்தி. இதை மழுப்பாம தான் பேசணும். 1452லயும் 1455லயும் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்ச்சுகல் அரசருக்கு, கிறிஸ்தவரல்லாதவங்க நாட்டை பிடிக்கலாம், அவங்களை நிரந்தர அடிமையாக்கலாம்னு எழுதியே கொடுத்தாரு. இதை மாதிரி ஆணைகளை அடிப்படையா வெச்சு வளர்ந்த கோட்பாட்டை வத்திக்கான் அதிகாரப்பூர்வமா மறுத்தது 2023ல தான்.

ஆனா அதே சபைக்குள்ள இருந்தே எதிர்ப்பும் வந்துச்சு, ரொம்ப சீக்கிரமாவே. 1511 டிசம்பர்ல கரீபியன் கடல்ல ஸ்பெயின் பிடிச்ச ஹிஸ்பானியோலா தீவுல அந்தோனியோ மொந்தெசினோஸ்ங்கற டொமினிக்கன் துறவி, முன்னாடி பெஞ்சுல ஆளுநரே உக்காந்திருக்க, இந்த ஜனங்களும் மனுஷங்க இல்லையா, இவங்களுக்கும் ஆத்மா இல்லையா, நீங்க எல்லாரும் சாவான பாவத்துல இருக்கீங்கன்னு பிரசங்கம் பண்ணாரு. அந்த தீவுல பூர்வகுடிங்களை வேலை வாங்கிட்டு இருந்த லாஸ் காசாஸ் சில வருஷத்துல மனசு மாறி அவங்களை எல்லாம் விட்டுட்டு வாழ்நாள் பூரா அவங்களுக்காக ஸ்பெயின் அரசவையில வாதாடினாரு. ஆனா அவரே ஆரம்பத்துல பூர்வகுடிகளை காப்பாத்த ஆப்பிரிக்க அடிமைகளை கொண்டு வரலாம்னு யோசனை சொன்னவர், பின்னாடி அது தன் ஆத்மாவுக்கே ஆபத்துன்னு வருந்தி எழுதினாரு. 1537ல போப் மூன்றாம் பவுல் பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாதுன்னு ஆணை போட்டாரு, கடல் தாண்டி அதை யாரும் பெருசா மதிக்கல.

ஒரே பைபிளை எப்படின்னு கேட்டீங்க. எஜமான் கையில இருந்தது "வேலைக்காரரே கீழ்ப்படியுங்கள்"ங்கற வரி, அடிமை கையில இருந்தது எகிப்துல இருந்து ஜனங்களை விடுதலை பண்ணின யாத்திராகமம். அமெரிக்காவுல வெள்ளைக்காரங்க கோயில்ல அவமானப்பட்ட கருப்பின கிறிஸ்தவங்க ரிச்சர்ட் ஆலன் தலைமையில 1816ல தனிச் சபையே ஆரம்பிச்சாங்க. 1845ல அமெரிக்க பாப்டிஸ்டுங்க அடிமை வெச்சிருக்கறவர் மிஷனரியா போகலாமாங்கற சண்டையில ரெண்டா உடைஞ்சாங்க, தெற்கு பாப்டிஸ்ட் சபை அதுக்காக மன்னிப்பு கேட்டது 1995ல. இன்னொரு பக்கம் குவேக்கர்ஸ்ங்கற சின்ன கிறிஸ்தவப் பிரிவு ஆளுங்க 1688லயே பென்சில்வேனியாவுல அடிமை முறைக்கு எதிரா மனு எழுதினாங்க, பிரிட்டன்ல 1807ல வியாபாரத்தை தடை பண்ண சட்டத்துக்கு பின்னாடியும் குவேக்கர்ஸும் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் மாதிரி சுவிசேஷப் பிரிவு ஆளுங்களும் இருந்தாங்க. ரெண்டும் வரலாறு தான், ஒண்ணை சொல்லி இன்னொண்ணை மறைக்கக் கூடாது.

பெந்தெகோஸ்தே கேட்டிருந்தீங்க, அது இங்க இருந்து நேரா தொடருது. வில்லியம் சீமோர், அடிமைகளா இருந்த அப்பா அம்மாவுக்கு பிறந்தவர். ஹூஸ்டன்ல சார்ல்ஸ் பார்ஹாம் நடத்தின பைபிள் வகுப்புல நிறப்பிரிவினை காரணமா மத்தவங்க கூட உக்கார விடல, அறைக்கு வெளிய இருந்து தான் கேட்டாரு. 1906ல லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவுல ஒரு பழைய கட்டடத்துல அவரு நடத்தின கூட்டத்துல கருப்பர் வெள்ளையர் மெக்சிகோக்காரங்க ஆம்பள பொம்பள எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சாங்க, அந்த காலத்து அமெரிக்காவுல அதுவே பெரிய விஷயம். அங்க இருந்து கிளம்பின ஆளுங்க சில வருஷத்துலயே பல கண்டத்துக்கு போயிட்டாங்க. அதே மாதிரி பெல்ஜியம் ஆண்ட காங்கோவுல 1921ல சைமன் கிம்பாங்கு பிரசங்கம் பண்ணது சில மாசம் தான், அரசாங்கம் பிடிச்சு ஜெயில்ல போட்டுச்சு, 1951ல சாகற வரைக்கும் வெளிய விடல, ஆனா அவரு பேர்ல உண்டான சபை இன்னிக்கு ஆப்பிரிக்காவோட பெரிய சபைகள்ல ஒண்ணு.

பியூ ஆய்வு மையம் 2011ல வெளியிட்ட கணக்குப்படி 1910ல உலகக் கிறிஸ்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஐரோப்பாவுல, 2010ல நாலுல ஒரு பங்கு தான். சஹாராவுக்கு தெக்க இருக்கற ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட அதே நாலுல ஒரு பங்குக்கு வந்துடுச்சு. கிழக்குவாசல் சொன்னதோட சேர்த்து பாத்தா, கிறிஸ்தவம் ஐரோப்பாவுல மட்டும் மையம் கொண்டிருந்தது நடுவுல ஒரு சில நூற்றாண்டு தான்.

தேடல்வாசி:

படிச்சு முடிக்கவே நேரம் ஆச்சு, மனசார நன்றி. கடைசியா ஒண்ணு, இந்த பிரிவுங்க திரும்ப சேர்றதுக்கு யாராவது முயற்சி பண்றாங்களா?

பழைய ஏடு:

பண்றாங்க, நிறையவே நடந்திருக்கு. 1948ல உலக சபைகள் மன்றம் ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சுது, அதுல புராட்டஸ்டன்டும் ஆர்த்தடாக்ஸும் சேர்ந்து இருக்காங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962ல இருந்து 1965 வரைக்கும் நடந்தப்போ மத்த சபைகள்ல இருந்து பார்வையாளர்களை கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, பூசையை அவங்கவங்க மொழியில வைக்கலாம்னு ஆச்சு, இயேசுவோட சாவுக்கு யூதர்கள் எல்லாரையும் குற்றம் சாட்டக் கூடாதுன்னு 1965ல தெளிவா எழுதினாங்க, எத்தனையோ நூற்றாண்டா யூதர்களை அடிச்சு கொல்றதுக்கு அந்த குற்றச்சாட்டு தான் சாக்கா இருந்துச்சு, முதல் சிலுவைப்போர் கிளம்பின 1096லயே ரைன் நதி ஓரத்து ஊர்கள்ல யூதர்களை கொன்னு குவிச்சாங்க. அதே 1965 டிசம்பர்ல போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் அத்தேனகோரஸும் 1054ல போட்ட விலக்குகளை ரத்து பண்ணாங்க. 1999 அக்டோபர் 31ல, அதாவது லூத்தர் தேதியிலயே, ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்கரும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் மனுஷன் கடவுள் முன்னாடி நீதிமானாகறது கிருபையால தான்னு சேர்ந்து கையெழுத்து போட்டாங்க, லூத்தர் சண்டையோட அடிப்படையே அந்த கேள்வி தான்.

ஆனா ஒரே பீடத்துல சேர்ந்து நற்கருணை வாங்கறது இன்னும் ஆகல. ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு போப்போட அதிகாரம் தான் தடை, புராட்டஸ்டன்ட் பக்கம் பெண்களுக்கு குருப்பட்டம் கொடுக்கறது, நற்கருணையை எப்படி புரிஞ்சுக்கறதுங்கறது எல்லாம் அப்படியே நிக்குது. பெந்தெகோஸ்தே சபைகள் பலதும் இந்த பேச்சுவார்த்தைகளுக்கு வெளிய தான் இருக்கு, அவங்க தான் வேகமா வளர்றாங்க. நீங்க மேல படிக்கறதா இருந்தா 451ல இருந்து 800 வரைக்கும் உள்ள காலத்தை கொஞ்சம் பொறுமையா படிங்க, எல்லாரும் தாண்டிப் போற பகுதி அது.